கொத்தனார் 8 நாள், சித்தாள் எத்தனை நாள்?

அக்கா மகள் குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கையில் பயிற்சி வகுப்பில் கொடுத்த ஜெராக்ஸ் கட்டு. 'காலமும் வேலையும்' என்ற ஒரு தலைப்புக்கு மட்டும் பத்துப் பன்னிரண்டு சூத்திரங்கள். ஒவ்வொன்றையும் கட்டம் கட்டி, பக்கத்தில் நட்சத்திரம் போட்டு வைத்திருந்தாள்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "ஏ ஒரு வேலையை 6 நாள்ல முடிப்பார். பி அதே வேலையை 12 நாள்ல முடிப்பார். ரெண்டு பேரும் சேர்ந்தா?" என்று கேட்டேன்.

"நாலு." நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"எப்படி?"

"ரெண்டையும் பெருக்கி, கூட்டினதால வகுக்கணும் மாமா. எழுபத்திரண்டை பதினெட்டால வகுத்தா நாலு."

சரியான விடை. விடாமல் அடுத்ததைக் கேட்டேன். "சரி, முதல் 2 நாள் ஏ மட்டும் செய்யறார். அப்புறம்தான் பி வந்து சேர்றார். மொத்தம் எத்தனை நாள்?"

ஜெராக்ஸ் கட்டைப் புரட்ட ஆரம்பித்தாள். 'ஒருவர் இடையில் விலகினால்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'ஒருவர் தாமதமாகச் சேர்ந்தால்' என்று இல்லை. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இந்த மாடல் இன்னும் நடத்தல மாமா" என்றாள்.

மூன்றாவதாக ஒன்று கேட்டேன். "முதல் கணக்குக்கு 9 நாள்னு ஒருத்தன் விடை எழுதறான். 6க்கும் 12க்கும் நடுவுல 9. கணக்கே போடாம அது தப்புன்னு சொல்ல முடியுமா?"

கொஞ்சம் யோசித்தாள். "சூத்திரத்துல போட்டா நாலுதானே வருது?" என்றாள்.

அந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. அவள் கணக்கில் மோசமானவள் இல்லை. பி.எஸ்சி. படித்தவள். ஆனால் இந்தக் கணக்கில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எண்களைப் போடவேண்டிய பள்ளங்கள் மட்டும். ஏ, பி என்ற இரண்டு மனிதர்கள் அவள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அவர்களைக் கணக்குக்குள் மறுபடி கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம்.

நாளைக் கூட்டக் கூடாது, ஏன்?

முதலில் அடிப்படை. 6 நாளையும் 12 நாளையும் கூட்டினால் 18. இரண்டு பேர் சேர்ந்து செய்தால் வேலை இன்னும் தாமதமாகும் என்று ஆகிவிடும். சராசரி எடுத்தால் 9. இதுவும் ஆகாது, ஏனென்றால் ஏ தனியாகவே 6 நாளில் முடித்துவிடுவார். பி வந்து உதவி செய்ததால் 3 நாள் கூடுமா? இந்த ஒரு வரி போதும், 9ஐத் தூக்கி எறிய. சூத்திரம் தேவையில்லை.

நாள் என்பது 'ஒரு வேலைக்கு இவ்வளவு நேரம்'. நமக்குக் கூட்டத் தகுந்தது அதன் தலைகீழ்: 'ஒரு நாளைக்கு இவ்வளவு வேலை'. ஏ ஒரு நாளில் ஆறில் ஒரு பங்கு முடிக்கிறார். பி பன்னிரண்டில் ஒரு பங்கு. இருவரும் ஒரே நாளில், ஒரே வேலையில் இறங்கினால் அந்த இரண்டு பங்குகளும் சேரும். 2/12 + 1/12 = 3/12, அதாவது நாளைக்குக் கால் பங்கு. முழு வேலைக்கு 4 நாள். அந்தப் 'பெருக்கி, கூட்டினதால் வகு' சூத்திரம் இதைச் சுருட்டி வைத்ததுதான், வேறொன்றும் இல்லை.

சுருட்டி வைத்ததை விரிக்கத் தெரிந்தால் 'தாமதமாகச் சேர்ந்தால்' கணக்குக்கு புது மாடல் வேண்டாம். ஏ 2 நாளில் மூன்றில் ஒரு பங்கு முடித்துவிட்டார். மீதி மூன்றில் இரண்டு. நாளைக்குக் கால் பங்கு வீதம் அதற்கு 2⅔ நாள். மொத்தம் 4⅔ நாள். விலகினாலும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தாலும், மூன்றாம் ஆள் கடைசி நாளில் வந்தாலும் இதே வழிதான். பன்னிரண்டு சூத்திரம் செய்கிற வேலையை ஒரே ஒரு எண்ணம் செய்கிறது.

இன்னொரு சின்ன விஷயம், எந்தப் புத்தகத்திலும் கட்டம் கட்டிப் பார்த்ததில்லை. இரண்டு பேர் சேர்ந்து செய்தால் விடை எங்கே விழும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இரண்டு பேருமே ஏ மாதிரி வேகமானவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 3 நாள். இரண்டு பேருமே பி மாதிரி மெதுவானவர்கள் என்றால் 6 நாள். உண்மையான விடை இந்த 3க்கும் 6க்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். நான்கு விருப்ப விடைகள் கொடுக்கும் தேர்வில் பல சமயம் இதிலேயே இரண்டு விடைகள் கழன்றுவிடும்.

எல்.சி.எம். முறைக்கு ஒரு நல்ல வார்த்தை

பயிற்சி வகுப்புகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. குரூப் 4இல் 200 கேள்வி, 3 மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 விநாடி. அதற்குள் படித்து, யோசித்து, வட்டத்தையும் கறுப்பாக்க வேண்டும். அங்கே உட்கார்ந்து தத்துவம் பேச முடியாது. குறுக்குவழிக்கு அங்கே ஒரு நியாயம் இருக்கிறது.

அவர்கள் சொல்லிக்கொடுக்கும் எல்.சி.எம். முறை எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். 6, 12 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 12. மொத்த வேலையை 12 அலகு என்று வைத்துக்கொள். ஏ நாளைக்கு 2 அலகு, பி 1 அலகு, சேர்ந்து 3 அலகு. 12 ÷ 3 = 4. பின்னமே கிடையாது. 'வேலை' என்ற பிடிபடாத சொல், 12 வரிச் செங்கல் வைக்கவேண்டிய சுவராக மாறிவிடுகிறது. பின்னத்தைக் கண்டு பயப்படுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

குறை எங்கே என்றால், ஏன் 12 என்று யாரும் சொல்வதில்லை. அக்கா மகளிடம், "மொத்த வேலை 60 அலகுன்னு வெச்சுக்கலாமா?" என்றேன். "கூடாது, எல்.சி.எம்.தான் எடுக்கணும்" என்றாள். போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஏ நாளைக்கு 10, பி 5, சேர்ந்து 15. 60 ÷ 15 = 4. அவள் முகத்தில் ஒரு ஆச்சரியம். 100 வைத்தாலும் 4தான் வரும், நடுவில் பின்னம் வந்து கழுத்தறுக்கும், அவ்வளவுதான். எல்.சி.எம். என்பது வசதிக்காக எடுத்துக்கொண்ட எண். அவளுக்கு அது சட்டமாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

சூத்திரத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று பேர் கணக்கு நல்ல உதாரணம். 6, 12 உடன் 4 நாளில் முடிக்கிற சி என்பவரும் சேர்கிறார். இரண்டு பேர் சூத்திரத்தை அப்படியே நீட்டி, 'மூன்றையும் பெருக்கி, கூட்டினதால் வகு' என்று எழுதுகிறவர்கள் நிறைய. 288ஐ 22ஆல் வகுத்தால் 13 நாளுக்குக் கொஞ்சம் மேல். மூன்று பேர் சேர்ந்து செய்கிற வேலை, மூவரில் மிக மெதுவான ஆள் தனியாகச் செய்வதைவிட அதிக நாள் எடுக்கிறது! அலகு முறையில் போட்டால் 2 + 1 + 3 = 6 அலகு, 12 ÷ 6 = 2 நாள். 13 என்று வந்ததும் பேனா நிற்க வேண்டும். சூத்திரம் மட்டும் தெரிந்தவருக்கு நிற்காது.

அம்பும் வாய்க்காலும்

இந்தக் கணக்கு நேற்று வந்ததில்லை. பாஸ்கராச்சாரியார் 1150இல் எழுதிய லீலாவதியில் நான்கு நீர்வழிகள் ஒரு குளத்தை நிரப்பும் கணக்கு இருக்கிறது. தனித்தனியே திறந்தால் ஒரு நாள், அரை நாள், மூன்றில் ஒரு நாள், ஆறில் ஒரு நாள். நான்கையும் ஒன்றாகத் திறந்தால்? நாளைக்கு 1 + 2 + 3 + 6 = 12 குளம் நிரம்பும், ஆகவே நாளில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய, 'ஒன்பது அத்தியாயங்கள்' என்று அழைக்கப்படும் சீனக் கணித நூலில் ஐந்து வாய்க்கால் கணக்கு. தனித்தனியே மூன்றில் ஒரு நாள், 1 நாள், 2½ நாள், 3 நாள், 5 நாள். விடை ஒரு நாளில் 15/74 பங்கு. வேகங்களைக் கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

அந்தச் சீன நூலின் அதே அத்தியாயத்தில் எனக்கு இன்னும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. ஒரு ஆள் ஒரு நாளில் 50 அம்புகளின் தண்டை நேராக்குவார். அல்லது 30 அம்புக்கு இறகு கட்டுவார். அல்லது 15 அம்புக்கு நாண் பொருந்தும் காடி வெட்டுவார். மூன்று வேலையையும் ஒரே ஆள் செய்தால் நாளைக்கு எத்தனை அம்பு முழுசாக முடியும்? இங்கே 50, 30, 15ஐக் கூட்டினால் 95 அம்பு. அபத்தம். ஒரே கை, ஒன்று முடித்துவிட்டுத்தான் அடுத்தது. ஆகவே இங்கே கூட்டவேண்டியது நேரத்தை. ஒரு அம்புக்கு 1/50 + 1/30 + 1/15 நாள். மொத்தம் 18/150. நாளைக்கு 8⅓ அம்பு.

ஆக, இரண்டு கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போதுதான் பாடம் முழுமையாகிறது. ஒரே நேரத்தில் நடந்தால் வேகம் கூடும். ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால் நேரம் கூடும். இயற்பியல் படித்தவர்களுக்கு இது பழைய நண்பர்: 6 ஓம், 12 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் போட்டால் 4 ஓம், தொடர் இணைப்பில் போட்டால் 18 ஓம். அதே 6, 12, 4, 18! கூட்டினால் 18 என்று எழுதுகிற பிள்ளை முட்டாள் இல்லை. அது வேறொரு கேள்விக்குச் சரியான பதில் சொல்லியிருக்கிறது. "நீ சொன்னது, ஏ ஒரு சுவரை முடித்து, பிறகு பி இன்னொரு சுவரைக் கட்டினால்" என்று சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை.

நிரம்பாத தொட்டி

இனிமேல்தான் என் உண்மையான புகார் வருகிறது. வேகங்களைக் கூட்டலாம் என்பதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: ஒருவரின் வேகம் எப்போதும் மாறக் கூடாது, அடுத்தவர் இருப்பதாலும் மாறக் கூடாது. இந்த நிபந்தனையைப் பாடப்புத்தகம் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது.

எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் ஒரு கணக்கு: ஒரு குழாய் தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும். அடியில் ஒரு ஓட்டை, நிரம்பிய தொட்டியை 8 மணி நேரத்தில் காலி செய்யும். இரண்டும் சேர்ந்தால்? 1/6 − 1/8 = 1/24. விடை 24 மணி நேரம்.

உண்மையான தொட்டியில் என்ன நடக்கும்? அடியில் உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் போகும் வேகம் மேலே உள்ள உயரத்தைப் பொறுத்தது, உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப என்று இத்தாலியின் டாரிசெல்லி 1644லேயே எழுதிவிட்டார். தொட்டி நிறைய இருக்கும்போது பீய்ச்சும், குறையக் குறையச் சொட்டும். நேர்ச்சுவர் உள்ள தொட்டி இந்த விதிப்படி 8 மணி நேரத்தில் காலியாகிறது என்றால், நிரம்பி இருக்கும்போது வெளியேறும் வேகம் சராசரியைப் போல இரண்டு மடங்கு. அதாவது மணிக்கு 1/8 இல்லை, 1/4 தொட்டி. உள்ளே வருவதோ மணிக்கு 1/6. ஆக, தொட்டி நிரம்பும் முன்பே வரவும் செலவும் ஒரு இடத்தில் சமமாகிவிடும். எங்கே? உயரத்தின் வர்க்கமூலத்தை 1/4ஆல் பெருக்கினால் 1/6 வரவேண்டும். வர்க்கமூலம் 2/3, உயரம் 4/9. தொட்டி பாதிக்கும் கீழே நின்றுவிடும். 24 மணி நேரம் இல்லை, 24 வருஷம் காத்திருந்தாலும் நிரம்பாது. நிரம்ப வேண்டுமானால், ஓட்டை காலி செய்யும் நேரத்தில் பாதிக்கும் குறைவான நேரத்தில் குழாய் தனியாக நிரப்ப வேண்டும். இங்கே 4 மணிக்குள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வர்க்கமூலம் வைத்து ஓட்டம் கணக்கிடச் சொல்லவில்லை. "ஓட்டை எப்போதும் ஒரே வேகத்தில் ஒழுகுவதாக வைத்துக்கொள்" என்று கேள்வியில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு வரி, இது நாம் செய்துகொண்ட எளிமைப்படுத்தல் என்று பிள்ளைக்குச் சொல்லிவிடும். பக்கெட் ஓட்டையைப் பார்த்திருக்கிற எந்தப் பிள்ளைக்கும் அது பளிச்சென்று புரியும்.

கயிறு இழுத்தவர்கள்

குழாயே இப்படி என்றால் மனிதர்கள்? பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கல்மான் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த சோதனைகளை 1913இல் வெளியிட்டார். ஆட்கள் தனியாகவும் கூட்டமாகவும் இழுக்கும்போது தலைக்கு எவ்வளவு விசை என்று அளந்தார். தனியாக இருக்கையில் ஒருவர் போடுவதை 100 என்று வைத்தால், 2 பேராக இருக்கும்போது தலைக்கு 93, 4 பேருக்கு 77, 8 பேருக்கு 49. எட்டு பேரும் சேர்ந்து போட்ட விசை நான்கு ஆள் பலத்துக்குக் கொஞ்சம் கீழே. ஒரே நொடியில் எல்லோரும் சேர்ந்து இழுக்க முடியாதது ஒரு காரணம். 'நம்ம ஒருத்தன் கொஞ்சம் விட்டா என்ன' என்கிற மனசு இன்னொரு காரணம். ஊரில் தேர் இழுத்தவர்களுக்கு இரண்டுமே தெரியும்.

'4 பேர் 6 நாளில் செய்தால் 8 பேர் எத்தனை நாளில்?' புத்தகம் 3 என்கிறது. ரிங்கல்மான் எண்களை வைத்துப் போட்டால் 4.7 நாள் வருகிறது. கயிறு வேறு, சுவர் வேறு, இந்த 4.7ஐ எங்கேயும் பயன்படுத்தாதீர்கள். ஆனால் 3 என்பது கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த விடை, அதைவிட மோசமாகத்தான் நடக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

மென்பொருள் துறையில் இருப்பவர்கள் ஃபிரெட் புரூக்ஸைப் படித்திருப்பீர்கள். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஓ.எஸ். 360 திட்டத்தை நடத்தியவர். 1975இல் எழுதிய புத்தகத்தில், தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்றார். புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழைய ஆளின் நேரம் போகும். ஒவ்வொருவரும் மற்ற எல்லோரிடமும் பேச வேண்டியிருந்தால் 3 பேருக்கு 3 ஜோடி, 6 பேருக்கு 15, 12 பேருக்கு 66. 'ஆள் × நாள்' என்று பெருக்கிப் பழகியவர்கள் நாளைக்கு மேலாளராக வரும்போது செய்கிற முதல் தப்பு இதுதான்.

எதிர்வீட்டுச் சுவர்

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் எதிர்வீட்டில் மதில் சுவர் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு கொத்தனார், ஒரு சித்தாள். சித்தாள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. கலவை போடுவது, செங்கல் நனைப்பது, சட்டி சட்டியாகத் தூக்கிவந்து கொடுப்பது எல்லாம் அவர்தான்.

மறுநாள் காலையில் கொத்தனாரிடம் பேச்சுக் கொடுத்தேன். "எத்தனை நாள் வேலை?"

"நாலு நாள் சார்."

"சித்தாள் இல்லாம நீங்க மட்டும் கட்டினா?"

"எட்டு நாள் ஆயிடும். கல்லு தூக்கறதுக்கும் கலவை போடறதுக்குமே பாதி நேரம் போயிடும்ல."

மாடிக்கு வந்து அக்கா மகளிடம் சொன்னேன். "ஏயும் பியும் சேர்ந்து 4 நாள். ஏ மட்டும் 8 நாள். பி மட்டும் எத்தனை நாள்?" இது ஜெராக்ஸ் கட்டில் மூன்றாவது மாடல். அவள் உடனே போட்டாள். 1/4 − 1/8 = 1/8. "எட்டு நாள் மாமா." சொல்லிவிட்டு எதிர்வீட்டைப் பார்த்தாள். அந்த அம்மா தலையில் செங்கல்லோடு போய்க்கொண்டிருந்தார். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அவங்க தனியா எப்படிக் கட்டுவாங்க? கரணையே பிடிக்க மாட்டாங்களே."

நடந்தது இதுதான். அந்த அம்மா தனியாக எத்தனை நாள் இருந்தாலும் சுவர் எழும்பாது. ஆகவே கணக்குப்படி அவர் வேகம் பூஜ்யம். பூஜ்யத்தைக் கொத்தனாரின் வேகத்தோடு கூட்டினால் அதே 8 நாள்தான் வர வேண்டும். ஆனால் வேலை 4 நாளில் முடிகிறது. சரி, 4 நாளிலிருந்து பின்னோக்கிப் போனால் அவர் வேகம் கொத்தனாருக்குச் சமம்.

இப்போது இந்தப் பாடத்தின் கடைசிப் பகுதியான கூலிப் பங்கீட்டுக்கு வாருங்கள். 'இருவரும் சேர்ந்து செய்த வேலைக்கு 4000 ரூபாய் கூலி. அவரவர் வேலையின் விகிதத்தில் பிரி.' ஒரு வழியில் போட்டால் சித்தாளுக்கு 0. இன்னொரு வழியில் போட்டால் 2000. ஒரே ஆள், ஒரே சுவர், ஒரே சூத்திரம். பூஜ்யமும் பாதியும் ஒரே நேரத்தில் விடையாக வருகிறது என்றால் கேள்வி கேட்ட விதத்தில்தான் கோளாறு.

கோளாறு என்னவென்றால், இவர்கள் ஒரே வேலையைச் செய்யவில்லை. கொத்தனாரின் 8 நாளில் கல் வைக்கிற வேலை 4 நாள், சுமக்கிற வேலை 4 நாள். தனியாகச் செய்தால் ஒன்றன்பின் ஒன்று, அம்பு செய்கிறவரைப் போல. சித்தாள் வந்ததும் சுமக்கிற 4 நாள் பக்கத்திலேயே நடந்துவிடுகிறது. இங்கே வேகங்கள் கூடவில்லை. இரண்டில் எது மெதுவோ அதுதான் நாளைத் தீர்மானிக்கிறது. சந்தேகமிருந்தால் இன்னொரு சித்தாளைச் சேர்த்துப் பாருங்கள். சூத்திரம் 1/8 மூன்று தடவை, 3/8, விடை 2⅔ நாள் என்று சொல்லும். உண்மையில் அதே 4 நாள்தான். கல் வைக்கிற கை ஒன்றுதானே இருக்கிறது?

இந்தப் பின்னணியில் 'ஆண்கள், பெண்கள், சிறுவர்கள்' வகைக் கணக்குகளைப் படித்துப் பாருங்கள். '3 ஆண்கள் அல்லது 5 பெண்கள் ஒரு வேலையை...' என்று ஆரம்பிக்கும். எந்த வேலை என்று சொல்வதே இல்லை. எந்த வேலையானாலும் ஒரு பெண் ஒரு ஆணில் ஐந்தில் மூன்று பங்கு என்று ஒரு மாற்று விகிதம் மட்டும் இருக்கும். சம வேலைக்குச் சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது. 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வேலைக்கு வைப்பது, சில விதிவிலக்குகள் போக, 2016 திருத்தத்துக்குப் பின் எல்லாத் தொழிலிலும் குற்றம். வினா வங்கிகளில் மட்டும் சிறுவர்கள் இன்னும் வேலை செய்துகொண்டே இருக்கிறார்கள். 'பெரிய இயந்திரம், சிறிய இயந்திரம்' என்று மாற்றினால் கணக்கு ஒரு புள்ளிகூட மாறாது.

எதிர்வீட்டில் அந்த அம்மாவின் கூலி கொத்தனார் கூலியைவிடக் குறைவுதான். அது நியாயமா என்று கணக்கு தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் 'நீ தனியா கட்ட மாட்டேல்ல, அதான் குறைவு' என்று யாராவது சொன்னால், அவர் இல்லாவிட்டால் சுவர் இரட்டை நாள் ஆகும் என்று காட்டுவதற்கும் அதே கணக்கு போதும். கூட்டுறதுக்கு முன் எதைக் கூட்டுகிறோம் என்று கேட்கப் பழகினவருக்குத்தான் அது கைகொடுக்கும்.

மூன்றே கேள்வி

பாடத்தைத் தூக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேகத்தைக் கூட்டுவது அருமையான கருத்து. சூத்திரத்துக்கு முன்னால் மூன்று கேள்வி போதும் என்றுதான் சொல்கிறேன். ஒன்று, இவர்கள் ஒரே நேரத்தில் செய்கிறார்களா, ஒருவர் முடித்தபின் அடுத்தவரா? இரண்டு, ஒருவர் வேகம் மற்றவராலோ, மீதமுள்ள வேலையாலோ மாறுமா? மூன்று, ஒவ்வொருவரும் தனியாக முழு வேலையையும் முடிக்கக்கூடியவர்களா? ஒரே நேரம், மாறாது, முடியும் என்று வந்தால் தைரியமாகக் கூட்டலாம். விடை வந்தபின், வேகமான ஆளின் நாளில் பாதிக்கும் மெதுவான ஆளின் நாளில் பாதிக்கும் நடுவில் இருக்கிறதா என்று ஒரு பார்வை. வகுப்பறையில் இதற்கு ஒரு பீரியட் ஆகும். அதற்கப்புறம் 54 விநாடியில் சூத்திரம் போட்டால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

கிளம்புகிற அன்று அக்கா மகள் வாசல் வரை வந்தாள். "மாமா, அந்த 9 நாள் விடை. அது ஏன் தப்புன்னு இப்ப சொல்லட்டுமா?"

"சொல்லு."

"ஏ தனியாவே 6 நாள்ல முடிச்சிடுவார். 9 நாள் ஆச்சுன்னா பி வந்து வேலையைக் கெடுத்திருக்கணும்."

அப்படியும் நடக்கும், அதற்குப் புரூக்ஸ் என்று ஒருவர் புத்தகமே எழுதியிருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். பரீட்சை முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.